மேசைமேல் ஒரு டப்பா

அந்த மேடத்தைப் பற்றிப் பேச்சு எடுத்தால் எங்கள் துப்பாக்கி ரேஞ்சில் இன்றைக்கும் இரண்டு கட்சி. தம்பியைக் காப்பாற்றினார் என்பார்கள் சிலர். தம்பியைக் கெடுத்தார் என்பார்கள் மற்றவர்கள். நான் எந்தக் கட்சியும் இல்லை. பார்த்ததைச் சொல்கிறேன்.

என் வேலை குழிக்குள். துப்பாக்கி சுடும் மைதானத்தின் கடைசியில், குறிப்பலகைகளுக்குக் கீழே, ஆள் உயரத்துக்கு மேல் மண்சுவர் எழுப்பி ஒரு குழி உண்டு. நானும் பாஷாவும் அதில் நிற்போம். தலைக்கு மேலே தோட்டா போகும். பலகையைக் கீழே இறக்கி, ஓட்டை எங்கே விழுந்தது என்று பார்த்து, அதன்மேல் காகிதம் ஒட்டி, மறுபடி மேலே ஏற்றுவோம். சுடுகிறவர் முகம் எங்களுக்குத் தெரியாது. ஓட்டை மட்டும்தான் தெரியும்.

மேடம் போட்ட தோட்டா என்றால் அந்த ஓட்டையிலேயே தெரிந்துவிடும். ஓட்டைகள் பக்கவாட்டில் தள்ளிப் போனால் அது காற்று, இல்லாவிட்டால் சுடுகிறவர் கை. மேலும் கீழுமாகச் சிதறினால் பவுடர். தோட்டாவுக்குள் போகிற மருந்தைத்தான் பவுடர் என்போம். ஒன்றில் ஒரு துளி கூட, ஒன்றில் ஒரு துளி குறைய இருந்தால் போதும், அத்தனை தூரத்தில் ஒன்று மேலே ஏறும், ஒன்று கீழே விழும். மேடத்தின் தோட்டா ஏறாது, விழாது. ஓட்டைமேல் ஓட்டை விழும்.

"மேடம் ரவுண்டு பாய்," என்பான் பாஷா. "இன்னிக்குக் காகிதம் மிச்சம்."

அவருக்கு ஐம்பதை ஒட்டிய வயது. மாத்திரை செய்யும் கம்பெனி ஒன்றில் சோதனைக்கூட வேலை. வந்த சரக்கு சரியில்லை என்றால் மொத்தத்தையும் திருப்பி அனுப்புகிற வேலை என்று ஒருமுறை சொன்னார். தாத்தா காலத்திலேயே பெங்களூர் வந்த குடும்பம். தாத்தா மைசூர் சர்க்காரில் உத்தியோகம் பார்த்தவர். ஜோகுபாளையத்தில் வீடு. வீட்டில் அம்மாவும் தம்பியும். கல்யாணம் ஆகவில்லை. ஏன் என்று பாஷாவிடம் யாரோ கேட்டார்கள். "வந்த மாப்பிள்ளையைத் தராசுல வெச்சிருப்பாங்க," என்றான்.

மேடம் சுட மாட்டார். தோட்டா போடுவதுதான், அதாவது காலிப் பித்தளைக் கூட்டில் பவுடரை அளந்து நிரப்பிக் குண்டைப் பொருத்துவதுதான், அவர் வேலை. அதற்குத் தனி லைசென்ஸ் வேண்டும். கிளப்பின் பெயரில் அது இருந்தது. அதை வாங்குவதற்குள் செகரெட்டரி சாரின் செருப்பு தேய்ந்துவிட்டது. வெளிநாட்டிலிருந்து பவுடர் வர அதைவிட நாளாகும். அதனால் டப்பாவில் இருக்கிற பவுடர் எங்களுக்குத் தங்கம் மாதிரி.

ஸ்டோர் ரூமை ஒட்டி ஒரு சின்ன அறை. அதுதான் மேடத்தின் அறை. அதில் ஃபேன் கிடையாது. ஃபேன் போட்டால் தராசு ஆடும். போன் கிடையாது. அவர் வேலை செய்யும்போது யாரும் உள்ளே போகக் கூடாது, பேசக் கூடாது. மேடம் நூல் சேலைதான் கட்டுவார். பட்டும் நைலக்ஸும் உரசினால் பொறி வருமாம். உள்ளே போனதும், உடம்பில் இருக்கும் மின்சாரம் இறங்க, கதவோரம் இருக்கும் இரும்புக் கம்பியை ஒருமுறை தொடுவார். பார்க்கிறவர்களுக்குச் சாமி கும்பிடுகிற மாதிரி இருக்கும்.

சாமி என்றதும் ஆயுத பூஜை ஞாபகம் வருகிறது. அன்றைக்குத் துப்பாக்கிகளை வரிசையாக வைத்துச் சந்தனம், குங்குமம் வைப்போம். வாசலில் பூசணிக்காய் உடைப்போம். பாஷாவும் கூட நின்று சுண்டல் வாங்கிக்கொள்வான். ஒரு வருஷம் செகரெட்டரி சார் தராசுக்கும் பொட்டு வைக்கச் சொன்னார். நான் குங்குமத்தோடு போனேன். மேடம் வாசலிலேயே மறித்தார்.

"கதவுக்கு வைங்க ஏழுமலை."

"தராசுக்குத்தான் மேடம் வைக்கச் சொன்னாரு. சாமி விஷயம்."

"சாமி கோவிச்சுக்காது. தராசு கோவிச்சுக்கும்."

கதவுக்கு வைத்தேன். செகரெட்டரி சாரிடம் வைத்தாயிற்று என்று மட்டும் சொன்னேன்.

அந்த அறையில் ஒரு சட்டம் இருந்தது. மேசைமேல் ஒரு டப்பாதான் இருக்க வேண்டும். பவுடர் பல வகை. சீக்கிரம் எரிவது உண்டு, நிதானமாக எரிவது உண்டு. எங்கள் கிளப்பில் இருந்தது இரண்டு வகை. இரண்டும் பார்க்க ஒன்றுபோல் இருக்கும். சேமியாவைப் பொடிப்பொடியாக நறுக்கிக் கரி தடவின மாதிரி. டப்பாவின் லேபிளைப் பார்த்தால்தான் வித்தியாசம் தெரியும். டப்பாவிலிருந்து எடுத்து, தோட்டா போடும் மெஷின்மேல் இருக்கும் குடுவையில் கொட்டிவிட்டால் அதுவும் தெரியாது. அதனால் குடுவையில் எந்தப் பவுடர் இருக்கிறதோ அதன் டப்பா மட்டும் பக்கத்தில் மேசைமேல் இருக்கும். அதுதான் அடையாளம். வேலை முடிந்ததும் குடுவையில் மிச்சம் இருப்பதை அந்த டப்பாவிலேயே கொட்டி, மூடி, அலமாரியில் வைத்துவிட்டுத்தான் அடுத்த டப்பாவைத் தொடுவார்.

மாறினால் என்ன ஆகும் என்று நான் கேட்டேன். அப்போது வெளியே கல்லின்மேல் உட்கார்ந்து தயிர்சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"நிதானமா எரியறதுக்கு ஒரு அளவு. அந்த அளவுக்குச் சீக்கிரம் எரியறதைப் போட்டா துப்பாக்கி தாங்காது. வேற ஊர் ரேஞ்சுல ஒருத்தருக்கு ஆச்சு. அவரு சுட்ட மேட்டுக்குப் பக்கத்துல நான் நின்னேன். தோட்டாவோட பித்தளைக் கூடு, வாழைப்பழத் தோல் மாதிரி உரிஞ்சு போச்சு."

"அவருக்கு?"

"ஒரு கண்ணு போச்சு. கன்னம் பாதி போச்சு. அவரு கெட்டிக்காரருதான். மேசைமேல ரெண்டு டப்பா வெச்சிருந்தாரு. அவ்வளவுதான்."

டிபன் பாக்ஸைக் கழுவி வைத்துவிட்டு உள்ளே போனார்.

சந்தேகம் வந்தால் கொட்டிவிடுவார். அதுதான் அவர் குணம். தும்மல் வந்து எடை சரியாகப் பார்க்கவில்லை என்று தோன்றினால் கொட்டு. யாராவது கதவைத் தட்டினால் கையில் இருப்பதைக் கொட்டு. கெட்டது என்று தெரிந்து கொட்டுவது எல்லோரும் செய்வதுதான். மேடம் நல்லதா என்று தெரியாததையும் கொட்டுவார்.

வீட்டுக்கு வந்தாலும் அதே கதைதான். என் மனைவிக்கு ஒருமுறை காய்ச்சல். மர்பி டவுனில் எங்கள் வீட்டுக்கு மேடம் பழம் வாங்கிக்கொண்டு வந்தார். அலமாரியில் ஒரு இருமல் மருந்து பாட்டில் இருந்தது. பாதிக்குமேல் மிச்சம்.

"இது எப்ப தொறந்தீங்கம்மா?"

"போன மாசம் இருக்கும். இல்ல, அதுக்கு முந்தி," என்றாள் என் மனைவி.

மேடம் எழுந்து போய்ச் சாக்கடையில் கொட்டிவிட்டு வந்தார். புது பாட்டில் வாங்கிக் கொடுத்தார், அது வேறு. ஆனால் என் மனைவிக்கு ஆறவில்லை. "நல்லவேளை, உங்க மேடம் ரசத்தைப் பாக்கல. நேத்து வெச்சதான்னு கேட்டுக் கொட்டியிருப்பாங்க," என்று ரொம்ப நாள் சொல்லிக்கொண்டிருந்தாள்.

தம்பியைச் சின்ன சார் என்போம். மேடத்தைவிட ரொம்பச் சின்னவர். அவரைத் தூக்கி வளர்த்ததே மேடம்தான் என்பார்கள். நல்ல கை. நல்ல கண். மாநிலத்துக்காகச் சுட்டவர். நாட்டு அணிக்குத்தான் போகவில்லை. ஒவ்வொரு முறையும் கிட்டப் போய்த் திரும்பி வருவார். தோள்பட்டையில் வலி வேறு வந்துவிட்டது. கடைசியாக, நாட்டு அணிக்கு ஆள் எடுக்கிற ட்ரையல் ஒன்று வந்தது. எங்கள் ரேஞ்சில்தான். இதை விட்டால் இல்லை என்று அவருக்கே தெரியும். ஆபீசில் சம்பளமில்லாத லீவு போட்டுவிட்டு, தினமும் விடிந்ததும் வந்து நிற்பார்.

எந்தப் பவுடர் என்பதில் அக்காவுக்கும் தம்பிக்கும் சண்டை. சின்ன சாருக்குச் சீக்கிரம் எரிவதுதான் பிடிக்கும். காலைக் குளிரில் அதைப் போட்டுச் சுட்டார். ஓட்டைகளை ஒரு ரூபாய்க் காசால் மூடிவிடலாம். நிதானமாக எரிவதைப் போட்டால் குரூப், அதாவது ஓட்டைகள் விழுகிற வட்டம், கொஞ்சம் அகலம்.

"பாத்தியாக்கா? இதுல என்ன யோசனை?"

மேடம் இரண்டு வகைத் தோட்டாக்களையும் தகரக் கூரையின்கீழ் வைத்தார். மார்ச் மாத வெயில். மத்தியானம் சுடச் சொன்னார். குழிக்குள் நான் பார்த்தேன். சீக்கிரம் எரியும் பவுடரின் ஓட்டைகள் ஏறிக்கொண்டே போயின. சூடு பட்டதும் அதற்கு வெறி வந்துவிட்டது. நிதானமான பவுடர் காலையில் எங்கே விழுந்ததோ மத்தியானமும் அங்கேயே விழுந்தது.

சாயங்காலம் இரண்டு காகிதங்களையும் மேடம் பக்கத்தில் பக்கத்தில் பிடித்துக் காட்டினார்.

"ட்ரையல் மத்தியானம்டா. காலையில இல்ல."

"உனக்கு எப்பவும் மந்தமானதுதான் பிடிக்கும்," என்றார் சின்ன சார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஒத்துக்கொண்டார்.

ட்ரையலுக்கான தோட்டாக்களை மேடம் போட ஆரம்பித்தார். ஆபீஸ் இல்லாத நாட்களில் வந்து கொஞ்சம் கொஞ்சமாகப் போடுவார். போட்டதெல்லாம் ஒரே பெட்டிக்குள் போகும். பெட்டி கிட்டத்தட்ட நிறைந்துவிட்டது.

அந்த நாளும் அப்படித்தான். காலையில் செகரெட்டரி சாரின் துப்பாக்கிக்காகச் சீக்கிரம் எரியும் பவுடர். அது முடிந்ததும் தம்பிக்காக நிதானமான பவுடர். மேடம் உள்ளே இருந்தார். கிளப் ஆபீஸ் போனுக்குப் பக்கத்து வீட்டுக்காரர்கள் கூப்பிட்டார்கள். அம்மா குளியலறையில் விழுந்துவிட்டார், பேச்சு இல்லை என்றார்கள்.

நான்தான் போய்க் கதவைத் திறந்தேன். அவர் திரும்பிப் பார்த்தார். என் முகத்திலேயே தெரிந்திருக்க வேண்டும்.

"அம்மாவா?"

"ஆமா மேடம். விழுந்துட்டாங்களாம்."

எழுந்தார். அறையைப் பூட்டினார். ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போனார். பூட்டினது நன்றாக ஞாபகம் இருக்கிறது. சாவியை இடுப்பில் செருகினார்.

அம்மாவுக்குப் பேச்சு திரும்பவே இல்லை. ஆஸ்பத்திரியில் சில நாள் கிடந்து போய்விட்டார். சின்ன சார் கொள்ளி வைத்தார். காரியம் முடிந்து மேடம் ரேஞ்சுக்கு வந்தபோது ட்ரையல் கிட்ட வந்துவிட்டது.

பூட்டைத் திறந்து உள்ளே போனவர் வெகுநேரம் வரவில்லை. சத்தமும் இல்லை. பிறகு என்னைக் கூப்பிட்டார். அந்த அறைக்குள் அவர் என்னைக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

குடுவையில் பாதிக்குப் பவுடர் இருந்தது. மேசைமேல் டப்பா இல்லை. இரண்டு டப்பாவும் மூடி போட்டு அலமாரியில் இருந்தன.

"ஏழுமலை, அன்னைக்கு நீங்க கதவைத் தொறந்தப்ப மேசைமேல டப்பா இருந்துச்சா? எந்த டப்பா?"

யோசித்தேன். எனக்கு ஒன்றும் வரவில்லை.

"நான் உங்க முகத்தைத்தான் பாத்தேன் மேடம்."

"சரி. அது தப்பில்ல."

மேசையைப் பார்த்துக்கொண்டே நின்றார். "தம்பி ரவுண்டு சிலது அன்னைக்குப் போட்டேன். பெட்டியில வெச்சது ஞாபகம் இருக்கு. குடுவையை மாத்தினது ஞாபகம் இல்ல. மாத்தாம போட்டேனா, மாத்திட்டுப் போட்டேனா, தெரியல. டப்பாவை எப்ப உள்ள வெச்சேன், அதுவும் தெரியல."

குடுவையில் இருப்பது எது என்று தெரியாது. எதை எந்த டப்பாவில் கொட்டினார் என்றும் தெரியாது. அதனால் டப்பாக்களும் சந்தேகம். பெட்டியில் அன்றைக்குப் போட்ட தோட்டாக்கள் எவை என்று தெரியாது. அதனால் பெட்டி முழுக்கச் சந்தேகம். பிரித்துப் பார்த்தாலும் இரண்டு பவுடரும் ஒன்றுபோல்தான் இருக்கும்.

சின்ன சார் வந்தார். மொட்டைத் தலையில் அப்போதுதான் முடி முளைத்திருந்தது. மேடம் விஷயத்தைச் சொன்னார். நான் வாசலில் நின்றேன். போகச் சொல்லி யாரும் சொல்லவில்லை.

"அக்கா, நீ இத்தனை வருஷமா போடற. கை தானா மாத்தியிருக்கும்."

"இருக்கலாம்."

"நூத்துல தொண்ணூத்தொம்பது சரியாத்தான் இருக்கும்."

"இருக்கலாம்டா."

"அப்புறம் என்ன? பொட்டியைக் குடு."

"குடுக்க மாட்டேன்."

"எனக்கு இதுதான்க்கா கடைசி. உனக்குத் தெரியும். இந்தப் பவுடருக்கே துப்பாக்கியைப் பழக்கி வெச்சிருக்கேன். கடையில வாங்கின ரவுண்டை வெச்சு நான் என்ன பண்ணுவேன்?"

"சுடு. வந்த வரைக்கும் வரட்டும்."

"என் துப்பாக்கி. என் கண்ணு. போனா எனக்குத்தானே போகும்? எழுதிக் குடுத்துடறேன்."

"உன் கண்ணுதான். போட்டது என் கை."

சின்ன சார் சுவரில் சாய்ந்து நின்றார். முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு மெதுவாகத்தான் சொன்னார்.

"அம்மாவை நான் எரிச்சேன். இதை நீ எரி."

போய்விட்டார்.

மேடம் அன்றைக்கே ஒவ்வொரு தோட்டாவாகப் பிரித்தார். குண்டைக் கழற்றி, பவுடரை ஒரு தாம்பாளத்தில் கொட்டினார். குடுவையையும் கவிழ்த்தார். இரண்டு டப்பாக்களையும் கொட்டினார். மைதானத்தின் ஓரத்தில் வெறும் மண்ணில் நீளமாகக் கோலப்பொடி மாதிரி தூவினார். எங்களைத் தள்ளி நிற்கச் சொன்னார். ஒரு முனையில் நெருப்பு வைத்தார். வெளியே கொட்டின பவுடர் வெடிக்காது. சீறிக்கொண்டு மஞ்சளாக ஓடும். ஓடி முடிந்தது. மண்ணில் ஒரு கறுப்புக் கோடு இருந்தது.

"மேடம், ஒரு வருஷத்துச் சரக்கு," என்றான் பாஷா.

"தெரியும் பாஷா," என்றார்.

ட்ரையல் அன்று நான் குழியில் இருந்தேன். எது சின்ன சாரின் பலகை என்று தெரியும். கடையில் வாங்கின தோட்டா. நல்ல தோட்டாதான், ஆனால் அந்தத் துப்பாக்கிக்கு ஒத்துவரவில்லை. பக்கவாட்டில் ஒன்றுமே தள்ளவில்லை. அவர் கை அத்தனை உறுதியாக இருந்தது. மேலும் கீழும்தான் சிதறியது. ஒன்று மேலே, ஒன்று கீழே. நான் காகிதம் ஒட்டினேன். மறுபடி ஒன்று மேலே. பாஷா தன் பலகையை விட்டுவிட்டு இதையே பார்த்துக்கொண்டிருந்தான். "சுவரு மாதிரி நிக்கறாரு பாய். ரவுண்டுதான் துரோகம் பண்ணுது," என்றான்.

கொஞ்சத்தில் போயிற்று. அவருக்கு மேலே வந்தவர், முன்பெல்லாம் அவரிடம் தோற்றவர்.

செகரெட்டரி சார் கன்னடக்காரர். கெட்டவர் இல்லை. டீ குடிக்கும்போது மேடத்திடம் கேட்டார். "ஏன் மேடம், ஒந்து சல டெஸ்ட் மாடபஹுதித்தல்லா?" ஒரு தடவை சுட்டுப் பார்த்திருக்கலாமே என்று.

"யார கையல்லி, சார்?" என்றார் மேடம். யார் கையில் கொடுத்து என்று.

செகரெட்டரி சார் கிளாசைக் கீழே வைத்துவிட்டார்.

அடுத்த வாரம் மேடம் அறைச் சாவியைக் கொண்டுவந்து அவர் மேசைமேல் வைத்தார். இனிமேல் போட மாட்டேன் என்றார். பதறிப்போனார்கள். மெம்பர்கள் எல்லோரும் வந்து கேட்டார்கள். உங்கள் கையை நம்பித்தான் சுடுகிறோம் என்றார்கள். துக்கத்தில் நடந்தது, யாருக்கும் நடக்கும் என்றார்கள்.

"அந்த ரூமுக்குள்ள வேற யாரும் வரல," என்றார் மேடம். "டப்பாவை உள்ள வெச்சது நான்தான். வெச்சது எனக்குத் தெரியல. மறுபடி எப்ப அப்படி ஆகும்னும் தெரியாது. தெரியாத கையை வெச்சுக்கிட்டு உங்க முகத்துக்குப் பக்கத்துல வெடிக்கறதை நான் போடக் கூடாது."

தோட்டாவைப் பற்றி என்றால் யாராவது வாதாடியிருப்பார்கள். அவர் தன்னைப் பற்றிச் சொன்னார்.

மெஷினைக் கழற்றும்போது நான் உதவி செய்தேன். தராசை அவரே துணியில் சுற்றினார். அப்போதுதான் சின்ன சார் வந்தார். துப்பாக்கியை விற்றுவிட்டார். லாக்கரில் இருந்த கோட்டையும் கையுறையையும் எடுத்துப்போக வந்திருந்தார். ஜோகுபாளையம் வீட்டை விட்டுத் தனியாகப் போய்விட்டார் என்று பாஷா முன்பே சொல்லியிருந்தான். கதவோரம் நின்றார். கழற்றிப் போட்ட மெஷினைப் பார்த்தார்.

"இப்ப எதுக்கு இது? இதுக்கு என்ன அர்த்தம்?"

"அர்த்தம் ஒண்ணுமில்ல. நிறுத்திட்டேன்."

"அந்த ரவுண்டு நல்லாத்தான்க்கா இருந்திருக்கும்."

"இருந்திருக்கும்."

"அப்படின்னா?"

மேடம் கையில் இருந்த ஸ்பானரைக் கீழே வைத்தார். எழுந்து கிட்டப் போனார். அவர் முகத்தை நேராகப் பார்த்தார். சட்டென்று தொடப்போகிற மாதிரி இருந்தது. தொடவில்லை.

"ரெண்டு கண்ணும் இருக்குல்லடா."

சின்ன சார் அந்த இரண்டு கண்ணாலும் அக்காவைக் கொஞ்ச நேரம் பார்த்தார். வெறுப்பு என்று சொல்ல முடியாது. வேறு என்ன என்றும் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. கோட்டைத் தோளில் போட்டுக்கொண்டு மைதானத்தைக் கடந்து போனார்.

மேடம் அவர் கேட்டைத் தாண்டும் வரைக்கும் நின்றார். பிறகு உட்கார்ந்து அடுத்த திருகாணியைக் கழற்றினார். இறுகியிருந்தது. என்னைப் பிடித்துக்கொள்ளச் சொன்னார்.